மஞ்சள் தண்ணி ஊத்தின ஜக்கெட்

அழகரத்தினம் அண்ணன்ட ஜக்கெட்டத் தெரியாத ஆள் எங்கட அமிர்தகழியில இல்ல. ரெண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு வெள்ளத்துக்கு ஆத்துவாய் வெட்டி விட்ட நேரம், அவரு தோணியக் காப்பாத்தப் போயி, தண்ணி இழுத்து முகத்துவாரத்தால கடலுக்க கொண்டு போயித்து. ஒரு நாள் பகல் முழுக்கக் கடல்ல கிடந்தாரு. பின்னேரம் பாலமீன்மடுவுக்கு வடக்கால ஒதுங்கினாரு. தோணி இல்ல, வலை இல்ல, உடுத்த சாரனும் இல்ல. ஜக்கெட் மட்டும் நெஞ்சில இருந்த.

அது சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு நிறுவனம் மீன்காரருக்குக் குடுத்த, தண்ணியில ஆள மிதக்க வைக்கிற ஜக்கெட். எங்கட ஆக்கள் கனபேர் அத வேலியில போட்டாங்க, கோழிக்கூட்டுக்கு மேல போட்டாங்க. இவரு மட்டுந்தான் அண்டைக்கு என்ன நினைச்சாரோ, போட்டுத்துப் போயிருக்காரு.

அந்த வருசம் வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்கு, அவருட பெண்சாதி இராசாத்தியக்கா அந்த ஜக்கெட்ட வெள்ளைச் சீலையில சுத்திக் கோயிலுக்குக் கொண்டு போனா. சடங்கு முடியிற குளுத்தி அண்டு மஞ்சள் தண்ணி தெளிச்சு எடுத்துத்து வந்தா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அதே வேலைதான். மஞ்சள் தண்ணியில முக்கி, வேலியில விரிச்சு, மூணு நாள் வெயிலில காய விடுவா. பக்கத்து வீட்டுப் பொம்புளயள் வந்து தொட்டுக் கும்பிட்டுத்துப் போவாளுகள். காய்ஞ்சாப் பிறகு சாமிப் படத்துக்குக் கீழ ஒரு கிழமை இருக்கும். மறுகா அண்ணன் அத தோணிக்குக் கொண்டு போயிருவாரு. வீசுவலை எறியக்குள்ள தோணி முன்பக்கத்து அணியப் பலகை முழங்காலக் குத்தும் எண்டு, மடிச்சு முழங்காலுக்குக் கீழ போடுவாரு. ஒருத்தருக்கும் அது பிழையாத் தெரியல்ல. எனக்கும் தெரியல்ல.

நான் எஞ்சின் திருத்துற ஆள். அவங்கட வளவுக்கு அடுத்த ஒழுங்கையிலதான் என்ட பட்டறை. அதனால அந்த வீட்டில நடந்ததில பாதி நான் கண்ணால கண்டது, மீதி அவங்கட வாயால கேட்டது.

மகள் நிருஷாவக் கட்டிக்கொண்டு சிவதர்ஷன் அந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம். சொந்த ஊர் மாங்கேணி. கடல்காரப் புள்ள. கத்தார்ல துறைமுகத்தில நாலு வருசம் வேலை செய்தவன். அவன் வந்தாப் பிறகுதான் மாமனும் மருமகனும் சேர்ந்து ஒரு பைபர் போட் எடுத்து, ஆத்தில ஆக்கள ரிப் கொண்டு போகத் தொடங்கினாங்க. வாவி எண்டு புத்தகத்தில எழுதுவாங்க, நாங்க ஆறு எண்டுதான் சொல்லுற. தண்ணிக்குள்ள வேர் விட்டு நிக்கிற கண்ணாக் காடு, கொக்கு, முதலை எண்டு ஒரு மணித்தியாலம் சுத்திக் காட்டிக் கொண்டு வந்து விடுவாங்க. மாமாங்கக் கோயில் திருவிழா வந்தா அந்தப் பத்து நாளும் கையெடுக்க நேரமில்ல.

போன ஆடியில, கொடியேறுறதுக்கு முதல் நாள், எஞ்சின் பாக்க வரச் சொல்லி அங்க போனன். மேற்கால வாற கச்சான் காத்து நெருப்பாட்டம் அடிச்சிக்கிட்டு இருந்த. வளவுப் பூவரசில, போட்டில சனத்துக்குப் போடுற பழைய ஜக்கெட் எல்லாத்தையும் தூக்கிப் போட்டு வச்சு, சிவதர்ஷன் ஒவ்வொண்டாப் பெருவிரலால அமத்தி அமத்திப் பாத்துக்கொண்டு நிண்டான்.

"என்னடா மருமகன், மாம்பழம் பழுத்திரிக்கா எண்டு பாக்கிறியா?" எண்டு அண்ணன் கேட்டாரு. அவரு திண்டுக்கொண்டு இருந்தது மத்தியானச் சாப்பாடு, மரவள்ளிக்கிழங்கும் இறால் சம்பலும்.

"இஞ்ச வந்து பாருங்க மாமா. அமத்தினாத் திரும்ப எழும்ப வேணும். இது குழி விழுந்து அப்படியே கிடக்கு. உள்ள சரக்கு செத்துத்து."

"சரக்கு செத்தா மணக்கும். மணக்குதா?"

"சீலையும் இத்துப் போச்சு. இந்தா, நகத்தால கீறக் கிழியுது. கத்தார்ல இப்புடி ஒண்டு கண்டா அந்த இடத்திலயே வெட்டி வீசுவானுகள். ஆரும் எடுத்துப் போட்டுருவான் எண்டு வெட்டித்தான் வீசுவானுகள்."

"அவனுக்குக் காசு இரிக்கி, வெட்டுவான். உனக்கு என்ன?"

"நான் கடல்சாமான் விக்கிற இர்ஷாத் நானாவுக்குச் சொல்லித்தன் மாமா. ஆறு புது ஜக்கெட். இண்டைக்குப் பின்னேரம் கொண்டு வாறாரு."

அண்ணன் கிழங்கக் கோப்பையில வச்சாரு. "கேக்காம?"

"கேட்டா வேணாம் எண்டுவீங்க."

நிருஷா குசினி வாசல்ல நிண்டு சிரிச்சிப் போட்டா. அவளுக்கு அப்ப ஆறு மாசம். "அப்பா, அவரு ராவெல்லாம் நித்திரை இல்லாம ஜக்கெட் ஜக்கெட் எண்டு புலம்பினவரு. வாங்கிக் குடுங்க, நானாச்சும் நித்திரை கொள்ளுறன்."

"சரி, மத்ததெல்லாம் வீசுங்க. என்டதத் தொடப்படாது."

"உங்கடதுதான் மாமா எல்லாத்திலயும் மோசம்."

அதைக் கேட்டதும் இராசாத்தியக்கா கையில இருந்த அகப்பையோட வெளிய வந்தா. "மகன், வாயக் கழுவுங்க. அது உசிர் குடுத்த சாமான். அம்மாள்ட மஞ்சள் பட்டது."

"மாமி, அம்மாளுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. வருசத்தில ஒரு கிழமை அது சாமி. மத்த நாளெல்லாம் மாமான்ட முழங்காலுக்கு மெத்தை. அம்மாளும் எவ்வளவு காலந்தான் முழங்காலுக்குக் கீழ கிடப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அண்ணன் என்னத் திரும்பிப் பாத்தாரு. "நீ சொல்லு தம்பி. நீ எஞ்சின் தெரிஞ்ச ஆள். இது சரியா, பிழையா?"

நான் போயி அமத்திப் பாத்தன். குழி விழுந்த. எழும்பல்ல. செம்மஞ்சள் நிறமா இருந்த ஜக்கெட், இப்ப ஊறவச்ச பருப்பு நிறம். கொளுக்கி உடைஞ்சு போச்செண்டு இராசாத்தியக்கா கோயில் மஞ்சள் கயித்த ரெண்டாத் திரிச்சு, அதிலதான் நாடா கோர்த்திருந்தா. நல்ல பருத்திக் கயிறு.

எனக்குத் தெரியும், அது சரியில்ல எண்டு. வாயத் துறந்து சொல்லியிருக்கலாம். அக்கா அகப்பையோட என்ட மூஞ்சப் பாத்துக்கொண்டு நிக்கிறா. "ரெண்டு பேர் சொல்லுறதிலயும் ஞாயம் இரிக்கி அண்ணன்" எண்டு போட்டு எஞ்சினுக்குக் கீழ குனிஞ்சிட்டன்.

பின்னேரம் இர்ஷாத் காத்தான்குடியில இருந்து மோட்டார் சைக்கிள்ல ஆறு ஜக்கெட்டையும் முதுகிலயும் முன்னாலயும் கட்டிக்கொண்டு வந்தான். ஆளே தெரியல்ல, பெரிய செம்மஞ்சள் மூட்டை ஒண்டு ஓடி வந்த மாதிரி.

"அழகண்ணே, வழியில பொலிஸ் மறிச்சு, ஆத்தில போற சாமான் ஏன்டா ரோட்டில போகுது எண்டு கேட்டான்!" எண்டு இறங்கினான்.

சிவதர்ஷன் பழைய ஜக்கெட்ட அவன்ட கையில குடுத்தான். இர்ஷாத் அமத்தினான், மணந்து பாத்தான், காதுக்குக் கிட்ட வச்சு மடிச்சான். உள்ள பப்படம் நொறுங்கின மாதிரி ஒரு சத்தம் கேட்ட.

"அண்ணே, கோவிக்கப்படாது. இது செத்து மௌத்தாகிக் கனகாலம்."

"புதுசு விக்க வந்தவன் வேற என்ன சொல்லுவான்?"

"இத எனக்குத் தரவேணாம், எனக்கு ஒரு சதமும் வேணாம். நீங்களே எடுத்து வையுங்க. ஆனா தண்ணிக்குப் போட்டுத்துப் போகாதீங்க. உங்கட வயசுக்கு நான் சொல்லுறன் எண்டு நினைக்காதீங்க."

அண்ணனுக்கு ரோசம் வந்திட்டு. அவரு எழும்பி, ஜக்கெட்டப் பறிச்சு, துறைக்கு நடந்தாரு. நாங்க எல்லாரும் பின்னால போனம். முதல்ல ஜக்கெட்டத் தண்ணியில எறிஞ்சாரு. மிதந்த. வலைக்கு மிதப்புக் கட்டக்குள்ள நாங்க அப்படித்தான் பாக்கிற. எறிஞ்சு பாக்கிற, மிதந்தா நல்லம், தாழ்ந்தா வீசுற. மறுகா அவரு அதப் போட்டு, கயித்த இறுக்கிக் கட்டி, தோணியில ஏறி ஆழம் உள்ள இடத்துக்குப் போயி குதிச்சாரு.

நிருஷா "அப்பா!" எண்டு கத்தினா.

அவரு மிதந்தாரு. மல்லாக்கக் கிடந்து, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால வச்சு, "ஒரு பிளேன்டீ கொண்டு வாகா இராசாத்தி!" எண்டு கூப்பிட்டாரு. துறையில நிண்ட பொடியனுகள் விசிலடிச்சானுகள். இராசாத்தியக்கா கும்பிட்டா. அஞ்சு நிமிசம் கிடந்திருப்பாரு. ஏறி வந்து, தண்ணி சொட்டச் சொட்ட மருமகன்ட தோளில ஒரு தட்டுத் தட்டினாரு.

"இப்ப சொல்லு."

சிவதர்ஷன் நனைஞ்ச ஜக்கெட்ட இன்னொருக்கா அமத்திப் பாத்தான். "அஞ்சு நிமிசம் காணாது மாமா" எண்டு மட்டும் சொன்னான். ஆரும் காதில போடல்ல. இர்ஷாத் மட்டும் தலையாட்டினான். அவனும் மறுகா ஒண்டும் சொல்லாம மோட்டார் சைக்கிள உதைச்சுக்கொண்டு போயித்தான்.

கடைசியில ஒரு முடிவு வந்த. புது ஜக்கெட் ஆறில அஞ்சு வாற சனத்துக்கு. ஒண்டு சிவதர்ஷனுக்கு. அண்ணனுக்கு அவருடது. அஞ்சு பேருக்கு மேல ஏத்துறதில்ல.

அந்தப் பேச்ச ஒன்பது நாளும் காப்பாத்தினாங்க. அதையும் சொல்ல வேணும்.

தீர்த்தத்தண்டு ஆடி அமாவாசை. கோயில் குளத்தடியில கால் வைக்க ஏலாத சனம். தகப்பனுக்குத் தண்ணி இறைச்சுத்து வந்த சனமெல்லாம் மத்தியானம் ஆத்தங்கரைக்கு வரும். கச்சான்கொட்டை, கடலை, ஐஸ்பழம், பலூன். சிவதர்ஷன் விடியத்தில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல, நிருஷா பழஞ்சோத்தில தயிர் போட்டுப் போத்தலில அடைச்சு அனுப்பியிருந்தா, அதைக் குடிச்சுக் குடிச்சு ஓடினான். மூணு மணிக்குக் காத்து ஏறித்து. ஆறு வெள்ளை வெள்ளையா நுரைக்கத் தொடங்கின.

"இதோட நிப்பாட்டுவம் மாமா" எண்டான்.

"இந்த ஒண்டு. வெல்லாவெளியில இருந்து வந்த சனம், பாவம், காத்துக்கொண்டு நிக்குதுகள்."

நான் துறையில நிண்டன். அந்தக் குடும்பம் அஞ்சு பேர். ஒரு வயசான மனிசன், அவருட மகள், அவவுட ரெண்டு புள்ளைகள், ஒரு தங்கச்சி. எல்லாருக்கும் ஜக்கெட் போட்டு இருத்தியாச்சு. அப்ப ரோட்டால புருசன்காரன் ஓடி வாறான், கையில ரெண்டு ஐஸ்பழம். "என்ன விட்டுத்துப் போறீங்களா?" எண்டு. சின்னப் புள்ள "அப்பா வந்தாத்தான் நான் வருவன்" எண்டு அழத் தொடங்கித்து.

சிவதர்ஷன் ஏலாது எண்டான். புருசன்காரன் கும்பிடுறான், புள்ள அழுகுது, பின்னால நிக்கிற சனம் சத்தம் போடுது. அண்ணன் தான், "சரி ஏறு" எண்டாரு. சிவதர்ஷன் மாமன ஒரு பார்வை பாத்தான். மறுகா தன்ட ஜக்கெட்டக் கழட்டி அந்த மனிசனுக்குப் போட்டு விட்டான். கொளுக்கி சரியாப் பூட்டியிருக்கா எண்டு இழுத்தும் பாத்தான்.

அப்ப அண்ணன் தன்டதக் கழட்டினாரு.

"வேணாம் மாமா. எனக்கு நீந்தத் தெரியும்."

"எனக்கும் தெரியும். வயித்தில புள்ளையோட உனக்கு அங்க ஒருத்தி இருக்கா. எனக்கு ஆரு இருக்கா, உன்ட மாமிதானே. அவ நான் போனா நிம்மதியா இருப்பா."

சனம் சிரிச்ச. அவரு ஜக்கெட்ட மருமகன்ட தோளில போட்டு, சின்னப் புள்ளைக்குக் கட்டுற மாதிரிக் குனிஞ்சு கட்டினாரு. அவன் மெலிஞ்சவன், ஜக்கெட் தொளதொளத்த. அதனால கயித்த ஒருக்காச் சுத்தி இறுக்கி, முடிச்சுக்கு மேல முடிச்சுப் போட்டாரு. "மாமன் கட்டின முடிச்சு, நீ கழட்டினா எனக்கு மரியாதை இல்ல" எண்டாரு. அத்தனை சனத்துக்கு முன்னால அவன் என்ன சொல்லுற? தலையக் குனிஞ்சிக்கொண்டு நிண்டான். காதெல்லாம் சிவந்து போச்சு.

நான்தான் போட்டத் தள்ளி விட்டன்.

நடந்தது இதுதான். கண்ணாக் காட்டு வளைவில முதலை ஒண்டு கிடந்திருக்கு. படம் எடுக்க எண்டு ஆறு பேரும் ஒரு பக்கம் எழும்பியிருக்காங்க. அந்த நேரம் கச்சான் அலை மத்தப் பக்கத்தால தூக்கியிருக்கு. போட் கவுண்டு, அடிப்பக்கம் மேல வர, காத்து அதத் தள்ளிக்கொண்டு போயித்து. ஆறு பேரும் புது ஜக்கெட்டில மிதந்தாங்க. அண்ணன் வெறும் எண்ணெய்க் கானப் புடிச்சுக்கொண்டு கிடந்தாரு. சிவதர்ஷன் நீந்திப் போயி சின்னப் புள்ளையக் கொண்டு வந்து தகப்பன்ட கையில குடுத்தான், மறுகா போயி கிழவனக் கொண்டு வந்தான், எல்லாரையும் கைகோர்க்க வச்சான். இறால்காரத் தோணி வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயித்து. வெல்லாவெளிச் சனம் ஆறும் உசிரோட கரைக்கு வந்த. அண்ணனும் வந்தாரு.

சிவதர்ஷன அடுத்த நாள் விடியக் கண்ணா வேருக்குள்ள இருந்துதான் எடுத்தம். ஜக்கெட் அவன்ட நாடிக்கு மேல ஏறி முகத்த மூடிக் கிடந்த. ரெண்டு பேர் தூக்க வேண்டியிருந்த, அவ்வளவு தண்ணி குடிச்சிருந்த அது.

செத்த வீட்டில ஊர் சொன்னது ஒரே கதைதான். "அம்மாள்ட ஜக்கெட் போட்டும் போனான் எண்டா, அது அவன்ட விதி." இராசாத்தியக்கா அதப் புடிச்சுக்கொண்டா. அண்ணன்கிட்ட வந்து, "அவன் கடைசியா என்ன சொன்னான்?" எண்டு கேட்டா. அண்ணன், "அம்மாளே எண்டு கூப்பிட்டான்" எண்டாரு. அந்த ஒரு சொல்ல வச்சித்தான் அக்கா சோறு திண்டா. விசாரணைக்கும் அண்ணன் அதையேதான் சொன்னாரு. தண்ணியில மூழ்கி மரணம் எண்டு எழுதி முடிச்சாங்க.

நிருஷா மட்டும் நம்பல்ல. அவ என்னக் கண்டா ஒரு கேள்விதான் கேப்பா. "சித்தப்பா, ஜக்கெட் இல்லாத அப்பா வந்திட்டாரு. போட்டவரு எப்புடிப் போனாரு?" நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லிப் போட்டு வருவன்.

முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் பொலிஸ்ல இருந்து ஒரு உரப்பையில போட்டு அந்த ஜக்கெட்டத் திருப்பிக் குடுத்தாங்க. அண்ணன் கூட்டிக்கொண்டு போனதால நானும் போயிருந்தன். ஆத்தில வீசுவம் அண்ணன் எண்டு பாலத்தடியில கேட்டன். "ஆரும் எடுத்துப் போட்டுருவான்" எண்டாரு.

வீட்டுக்கு வந்ததும் இராசாத்தியக்கா பையப் பறிச்சா. ஜக்கெட்ட எடுத்து நெஞ்சில அணைச்சுக்கொண்டு கத்திக் கத்தி அழுதா. அழுது முடிஞ்சாப் பிறகு எழும்பி, சட்டியில தண்ணி எடுத்து மஞ்சள் கரைக்கத் தொடங்கினா.

"என்னம்மா செய்யுறீங்க?" எண்டு நிருஷா கேட்டா.

"தீட்டுக் கழிக்க வேணும் கிளி. கழுவிச் சாமிக்குக் கீழ வைப்பம். உன்ட புள்ளைக்கு வேணும். தகப்பன்ட எண்டு வேற என்ன இரிக்கி அதுக்கு? அம்மாள்ட பேரச் சொல்லிக்கொண்டு போன புள்ள. நாளைக்கு அவன்ட மகன் தண்ணிக்குப் போறெண்டா அதப் போட்டுத்துத்தான் போக வேணும்."

நிருஷா தகப்பனப் பாத்தா. அண்ணன் படியில குந்திக்கொண்டு நிலத்தப் பாத்தாரு.

"அப்பா. அவரு அம்மாளே எண்டா சொன்னவரு?"

"இஞ்சேருங்க, புள்ளைக்குச் சொல்லுங்க" எண்டா அக்கா, கை சட்டிக்குள்ள.

நான் எழும்பப் பாத்தன். "இரு தம்பி" எண்டு அண்ணன் என்ட கையப் புடிச்சாரு. மறுகா சொன்னாரு.

"இல்ல."

"என்ன இல்ல?"

"கயிறு வெட்டக் கத்தி கேட்டான். மாமா, கத்தி எண்டு. அம்மாளே எண்டு அவன் சொல்லல்ல. கிழவனக் கொண்டு வந்து விட்டாப் பிறகு ஜக்கெட் ஊறி மேல ஏறி அவன்ட முகத்த மூடித்து. கையத் தூக்க ஒண்ணாமப் போச்சு. கழட்டப் பாத்தான். கயிறு தண்ணியில நனைஞ்சு இறுகித்து. கத்தி போட் பெட்டிக்குள்ள இருந்த, அது கவுண்டதோட போயித்து."

அக்கா, "பொய்" எண்டா.

"நான் கானை விட்டுத்து அவன்கிட்டப் போனன். கட்டினது நான்தானே, கழட்டத் தெரியும் எண்டு நினைச்சன். விரல் போகல்ல. கடிச்சன் புள்ள. முடிச்சக் கடிச்சன். அவன் என்ட தலையப் புடிச்சுக்கொண்டு கிடந்தான். பல்லுத்தான் உடைஞ்ச."

"எவ்வளவு நேரம்?" எண்டு நிருஷா கேட்டா.

"மகள்..."

"எவ்வளவு நேரம் அப்பா கடிச்சீங்க?"

"அவன் என்னத் தள்ளி விடுமட்டும். ரெண்டு பேரும் தாழுறம் எண்டு கண்டு, அவன்தான் என்னத் தள்ளி விட்டவன்."

நிருஷா வயித்தத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்து தகப்பனுக்குப் பக்கத்தில படியில குந்தினா. அவருட நாடியப் புடிச்சு முகத்தத் தன்ட பக்கம் திருப்பினா. "காட்டுங்க" எண்டா.

அறுபது வயசு மனிசன், சின்னப் புள்ளை மாதிரி மகளுக்கு வாயத் துறந்து காட்டினாரு.